எட்டாவது படிக்கல்

ஏழாவது படிக்கல்லையும் கொக்கியில் மாட்டிவிட்டு பெர்னார்ட் கையை எடுத்தான். மூச்சையும் பிடித்துக்கொண்டான்.

துப்பாக்கி வாய் கூரையைப் பார்க்க, மேஜையின் இரும்புப் பிடியான வைஸில் நிமிர்ந்து நின்றது. விரல் இழுக்கிற விசையிலிருந்து ஒரு கம்பி தொங்கியது. கம்பியில் ஏழு இரும்புக் கற்கள். பாசாரில் கத்தரிக்காய் நிறுக்கிற, ஒன்றேகால் ராத்தல் சொச்சம் வரும் ஒரு கட்டிக் கற்கள்தாம். இவ்வளவு பாரம் தொங்கியும், தோட்டாவைக் கொத்துவதற்காக இழுத்து நிறுத்தியிருந்த துப்பாக்கிக் குதிரை அசையவில்லை. ஒழுங்கான துப்பாக்கிக்கு மூன்று கட்டி போதும், குதிரை பாய்ந்துவிடும்.

எட்டாவது கல்லை மாட்டினான்.

டக்.

குதிரை பாய்ந்து, உள்ளே செருகியிருந்த காலித் தோட்டாவின் விளிம்பைக் கொத்தியது.

"எட்டுக் கட்டி" என்றான் பெர்னார்ட்.

"அதைத்தானே சொன்னேன்? விசையா அது, கிணத்துல தண்ணி இறைக்கிற மாதிரி இருக்கு லா" என்றான் வாசலில் நின்ற கிராணி. வெள்ளைக் கோட்டு, மடியாத தொப்பி, கையில் பிரம்பு. "சீக்கிரம் பாருப்பா. அஞ்சு மணி ஃபெரிப் படக விட்டா அக்கரைக்குப் போய்ச் சேர இருட்டிடும்."

பெர்னார்ட் கற்களை ஒவ்வொன்றாகக் கழற்றினான். பத்து நிமிஷத்துக்கு முன் இந்த ஆள் சொன்ன பெயர் இன்னும் காதை விட்டுப் போகவில்லை.

பாக்கியநாதன். அக்கரையில், பிறை ஊருக்கு அப்பால் ஒரு தென்னந்தோட்டத்தில் கணக்கெழுதுகிற கிராணி. மூன்று மாதத்துக்கு முன்னால், இதே துப்பாக்கியால், பெர்னார்டின் தம்பி வேலுவைச் சுட்டவன்.

சுட்டேன் என்று அவன் ஒப்புக்கொள்ளவில்லை. தென்னையில் அணில் சுடப் போனேன், வாய்க்கால் ஓரம் கால் இடறியது, துப்பாக்கியின் அடிக்கட்டை ஒரு தென்னங்குத்தியில் இடித்தது, இடித்த வேகத்தில் தானாக வெடித்துவிட்டது, எதிரே அந்த ஆள் நின்றது அவன் தலையெழுத்து. விசாரணையில் அவன் சொன்னது இவ்வளவுதான். வேறு சாட்சி இல்லை. விபத்து என்று எழுதி வழக்குக் கட்டை மூடினார்கள். துப்பாக்கியை யாரும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

எட்டுக் கட்டி பாரத்துக்கு மட்டுமே அசைகிற குதிரை, ஒரு குத்தியில் இடித்தால் பாய்ந்துவிடுமா? அரத்தைப் பிடித்துப் பழகிய எவனும் நம்பமாட்டான்.

"எவ்வளவுக்கு இறக்கணும் அய்யா?" என்று கேட்டான் பெர்னார்ட்.

"ரொம்ப லேசா."

"மூணு கட்டிக்குக் கொண்டுவந்து தரேன். அணில் சுட அது போதும்."

"போதாது. ஒரு கட்டி." பாக்கியநாதன் உள்ளே வந்து, பட்டறை மேஜையில் பிரம்பின் நுனியை வைத்தான். "இன்னொண்ணு. கட்டையத் தரையில தட்டினா குதிரை விழணும்."

பெர்னார்ட் தலை நிமிரவில்லை. துப்பாக்கி சீர் செய்கிற ஒவ்வொருவனும் கடைசியில் கட்டையை மூன்று தரம் தரையில் தட்டிப் பார்ப்பான். விழவில்லை என்றால்தான் ஆளிடம் கொடுப்பான். விழ வேண்டும் என்று கேட்கிற முதல் ஆள் இவன்தான்.

"அது ஆபத்தாச்சே அய்யா."

"ஆபத்து எனக்குத்தானே? நீ சொன்னதச் செய்யேன்."

"பீச் ஸ்ட்ரீட்டுல பெரிய கடையெல்லாம் இருக்கு. அங்க காட்டலியா?"

"அங்க போனா லைசென்ஸக் கேப்பான், நம்பரை எழுதுவான், என்ன செஞ்சேன்னு எழுதுவான். வேலைக்காரனவிட எழுத்துக்காரன் ஜாஸ்தி." பாக்கியநாதன் பெர்னார்டின் கழுத்தில் தொங்கிய மாதா பதக்கத்தைப் பார்த்துக்கொண்டு குரலை இறக்கினான். "உன்னைக் கோயில்ல பார்த்திருக்கேன். நம்ம ஆளு. அதான் இங்க வந்தேன். ஒரு கூலிக்காரன் பொம்பள மனு போட்டிருக்கா. திங்கக்கிழமை கோர்ட்டுக்குத் துப்பாக்கியக் கொண்டாரச் சொல்றாங்க. அவங்க ஜனங்களுக்கு வேற வேலை இல்ல. சாமியாடுறதும் மனுப் போடுறதும்தான்."

"நான் எதையும் எழுதி வைக்கிறதில்ல அய்யா."

"நல்லது." பாக்கியநாதன் போகத் திரும்பியவன் நின்றான். "உன் முகம் எங்கேயோ பார்த்த முகமாவே இருக்கு. கோயில் மட்டும் இல்ல. வேற எங்கேயோ."

பெர்னார்டின் கை தானாக ஒரு சுத்தியலைப் பற்றியது.

"பினாங்கு சின்ன ஊர் அய்யா. சுத்திச் சுத்தி எல்லாரும் எல்லாரையும் பார்த்திருப்போம்."

"அதுவும் சரிதான். ஞாயித்துக்கிழமை ரெண்டாம் பூசை முடிஞ்சு வரேன்."

டத்தோ கிராமாட் சாலையில் ரிக்‌ஷா மணி ஓய்ந்த பிறகுதான் பெர்னார்ட் சுத்தியலைக் கீழே வைத்தான்.

கிராணி இவனிடம் பார்த்தது தம்பி வேலுவின் முகச்சாயலை. கப்பலில் வந்த காய்ச்சலில் தாயும் தகப்பனும் ஒரே வாரத்தில் போனபோது, ஆறு வயதான மூத்தவனைச் சாமியார் மடத்தில் எடுத்துக்கொண்டார்கள். ஞானஸ்நானம் கொடுத்து பெர்னார்ட் என்று பேர் வைத்தார்கள், அரம் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். கைக்குழந்தையை ஒரு தோட்டத்துக் குடும்பம் எடுத்துப் போனது. அவன் முருகன் பேரிலேயே வளர்ந்தான், தென்னை ஏறினான். தைப்பூசத்துக்குத் தம்பி இங்கே வருவான், கிறிஸ்மஸுக்கு அண்ணன் அங்கே போவான். கழுத்துப் பதக்கத்தை மட்டும் பார்த்து எடைபோடுகிறவனுக்கு இது எப்படித் தெரியும்? விசாரணை நடந்த அன்று பெர்னார்ட் மலேரியாவில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் பிதற்றிக்கொண்டிருந்தான். எழுந்து உட்கார்ந்தபோது தம்பியைப் புதைத்துப் பதினோரு நாள் ஆகியிருந்தது.

மனுவை எழுதியதே பெர்னார்ட்தான். துப்பாக்கியைக் கோர்ட்டில் காட்டச் சொல்லுங்கள் என்று கேட்டதும் அவன் யோசனைதான். கீழே கைநாட்டு வைத்தவள் மட்டும் வடிவம்மாள், வேலுவின் மனைவி; அவன் போன பிறகு இங்கேயே வந்து தங்கியிருக்கிறாள்.

அவள் அப்போதுதான் பின்வாசல் வழியாக வந்தாள். பாசாரில் காய்கறி விற்றுவிட்டு வந்த களைப்பு. கூடையை இறக்கி வைத்தாள்.

"பெரியத்தான், விசைய எடை பார்க்கன்னு காலையிலேயே என் படிக்கல்லு எட்டையும் எடுத்து வெச்சுக்கிட்டீங்களே. பக்கத்துக் கடை நூர்ஜான்கிட்ட கடன் வாங்கி நிறுத்தேன். அவ கேலி பண்றா, உங்க பெரியத்தான் இரும்பையே சமைச்சுத் திங்கிறாரான்னு..."

பேச்சு அப்படியே நின்றது. மேஜையில் கிடந்ததை அவள் பார்த்துவிட்டாள். கட்டையில் பித்தளை ஆணியால் அடித்த இரண்டு எழுத்துகள். தோட்டத்தில் எத்தனையோ தடவை கிராணியின் தோளில் பார்த்த எழுத்துகள்.

"இதுவா?"

"இதுதான்."

"அவன் வந்தானா? இந்த வாசப்படி ஏறியா?"

பெர்னார்ட் நடந்ததைச் சொன்னான். அவள் உட்காரவில்லை, அழவும் இல்லை. துப்பாக்கியின் பக்கத்தில் போய் நின்றாள்.

"அன்னிக்கு அவரு அந்த ஆளோட பெரம்பப் புடுங்கி, முட்டியில வெச்சு ஒடிச்சுப் போட்டாரு. காய்ச்சல்காரக் கெழவன அடிச்சான்னு. கூலிங்க குடியிருக்கிற லயமே பார்த்துச் சிரிச்சுது பெரியத்தான். அந்தச் சிரிப்புக்கு நாலாம் நாளு..." பிறகு மெல்லக் கேட்டாள். "தட்டினா வெடிக்கணும்னு கேட்டானா?"

"ஆமா."

"அவன் கேக்குறதவிட லேசா வெச்சுக் குடுங்க. தொட்டா வெடிக்கணும், தும்மினா வெடிக்கணும். அவன் இத மடியில சாய்ச்சு வெச்சுக்கிட்டுத்தான் கட்டை வண்டியில உக்காருவான், வாய் தாடைக்கு நேரா இருக்கும். நான் கண்ணால பார்த்திருக்கேன். ஒரு பள்ளம் போதும்."

இது பெர்னார்டுக்கு முன்பே தோன்றாமல் இல்லை. குதிரையின் அடியில் ஒரு சின்ன வெட்டு இருக்கிறது. விசையின் மூக்கு அந்த வெட்டில்தான் மாட்டிக்கொண்டு நிற்கும். வெட்டு ஆழமாக இருந்தால் விசை கனக்கும். ஆழத்தைக் குறைக்கக் குறைக்க லேசாகும். ஒரு தலைமுடி அளவு அதிகமாகத் தேய்த்தால் மூக்கு நுனியில் தொங்கிக்கொண்டிருக்கும். எண்ணெய் விட்ட சாணைக்கல்லில், அந்த எண்ணெய்க்கல்லில், நாலு இழுப்பு. நாலே இழுப்பில் பாக்கியநாதனின் தாடை.

யாரும் அவனைக் கேட்க முடியாது. பழைய துப்பாக்கி, பாவம், வெடித்துவிட்டது.

அந்த இடத்தில்தான் அவன் மனம் முட்டி நின்றது.

"வடிவு, அவன் அப்படிச் செத்தான்னு வெச்சுக்கோ. ஊர் என்ன சொல்லும்?"

"நல்ல சாவுன்னு சொல்லும்."

"சொல்லாது. பார்த்தியா, அந்தத் துப்பாக்கி தானா வெடிக்கிறதுதான், கிராணி அன்னிக்குச் சத்தியமாத்தான் சொல்லியிருக்கான், பாவம் நல்ல மனுஷன்னு சொல்லும். அவன் பொய்ய நானே என் கையால நிஜமாக்கினதா ஆயிடும். அவனுக்குப் பூசை வைப்பாங்க, பூமாலை போடுவாங்க. வேலு எதிரே வந்து நின்ன முட்டாளாவே போய்ச் சேருவான்."

வடிவம்மாள் துப்பாக்கியை விட்டு ஓரடி பின்வாங்கினாள்.

"அப்ப என்ன செய்யப் போறீங்க?"

"அவன் கேட்டதச் செய்யப் போறேன். ஒரு கட்டி. தட்டினா விழும். அப்படியே."

அவள் அவனைப் பார்த்த பார்வையில் மாமிசம் வெந்துவிடும் போலிருந்தது. "பதக்கம் போட்டவங்க ஒண்ணுக்குள்ள ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"படிக்கல்லு நாளைக்கும் வேணும்" என்றான் பெர்னார்ட் அவள் முதுகைப் பார்த்து.

உள்ளே கூடை தொப்பென்று தரையில் விழுந்தது.

சனிக்கிழமை காலை எட்டரைக்கே அவன் பட்டறையைப் பூட்டிக்கொண்டு கிளம்பினான். ஒரு தோளில் சாக்குத் துணியில் சுற்றிய நீளப் பொட்டலம், மறு கையில் கல் நிறைந்த பை. எதிரே சைக்கிளில் வந்த ரொட்டிக்கார ஹனீபா, "என்ன பெர்னார்ட் அண்ணே, கடலுக்குத் தூண்டில் போடப் போறீங்களா? ஈயக்குண்டு பலமா இருக்கே" என்றான்.

"பெரிய மீனு தம்பி" என்றான் பெர்னார்ட்.

பதினொன்றரைக்குத் திரும்பி வந்தான். தகர டப்பாவில் கிடந்த ஓட்டை உடைசல்களைக் கிளறினான். பிறகு வைஸ் முன்னால் உட்கார்ந்தவன், பொழுது சாயும்வரை எழுந்திருக்கவில்லை.

அரத்தை அவன் முதலில் தொட்டான், பிறகு தூர வைத்தான். இனி எண்ணெய்க்கல் மட்டும். மெழுகுவத்திப் புகையில் குதிரையின் வெட்டைக் கறுப்பாக்கி, விசையின் மூக்கை அதில் உரசிப் பார்ப்பான். கறுப்பு எங்கே அழிகிறதோ அங்கேதான் உராய்வு. அங்கே இரண்டு இழுப்பு. துடைத்து, மறுபடி புகை, மறுபடி இரண்டு இழுப்பு. தகட்டு வில்லின் இறுக்கத்தையும் கொஞ்சம் தளர்த்தினான். ஐந்து கட்டிக்கு வந்தது. மூன்றுக்கு வந்தது. மூன்றில் கை தானாக நின்றது. இருபது வருஷப் பழக்கம் இதற்கு மேல் போகாதே என்றது. கட்டையைத் தரையில் மூன்று தரம் தட்டினான். குதிரை விழவில்லை. அருமையான வேலை. எந்தத் துரையிடமும் காட்டலாம்.

அந்த அருமையான வேலையை அவன் கெடுக்கத் தொடங்கினான்.

இரண்டு. ஒன்றரை. ஒன்று. கட்டையை மெல்லத் தட்டினான். டக்.

இன்னும் இரண்டே இழுப்பு. வண்டியின் ஒரு குலுங்கல் போதும் என்றாகிவிடும். கல் கையில் இருந்தது, எண்ணெய் ஈரம் இருந்தது, குதிரை கண்ணெதிரே இருந்தது. சவப்பெட்டிகூடக் கிடைக்காமல், தென்னங்கீற்றில் கிடத்தித் தூக்கிப் போனார்களாம் தம்பியை. காதுக்குக் கீழே பச்சைப்பயறு அளவு ஓட்டைதானாம். பெர்னார்ட் ஓர் இழுப்பு இழுத்தான். இன்னொன்றுக்குக் கை போனது.

கல்லைச் சுவரில் வீசி அடித்தான். அது இரண்டாகப் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பாக்கியநாதன் வந்தபோது அவன் மேல் சாம்பிராணி வாசனை அடித்தது. துப்பாக்கியை வாங்கினான், குதிரையை இழுத்து நிறுத்தினான், வெறுமனே தட்டப் போனான்.

"காலித் தோட்டா செருகாமத் தட்டாதீங்க. நடுவுல அடிக்கிற ஜாதி இல்ல இது, ஓரத்துல அடிக்கிறது. குழல் விளிம்பு நசுங்கிப் போகும்." பெர்னார்ட் ஒரு காலித் தோட்டாவை உள்ளே தள்ளிக் கொடுத்தான்.

கிராணி கட்டையைத் தரையில் தட்டினான். டக். மறுபடி. டக். முகம் மலர்ந்தது.

"கை இல்லப்பா உனக்கு, மந்திரம்."

"நாளைக்குக் கோர்ட்டுல இதத்தான் காட்டப் போறீங்களா அய்யா?"

"இதத்தான்."

"யாராச்சும் கை வெச்சாங்களான்னு கேட்டா?"

"பைபிள்ல கை வெச்சுச் சொல்லிட்டுப் போறேன், அன்னிக்கு இருந்தபடியே இருக்குன்னு. வர்ற வாரம் சாமியார்கிட்டப் பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டாப் போச்சு." சிரித்தான். "நீ என்னப் பார்க்கல, நான் உன்னப் பார்க்கல."

"அந்த ஆளு யாரு அய்யா? செத்துப் போனவன்?"

"அவனா? ஒரு குரைக்கிற நாயி." பாக்கியநாதன் தொப்பியை மாட்டிக்கொண்டான். "இப்ப லயத்துல சத்தமே இல்ல."

பெர்னார்ட் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். அவிழ்த்தால் என்ன செய்யும் என்று அவனுக்குத் தெரியும்.

திங்கட்கிழமை அக்கரைக் கோர்ட்டு நிரம்பி வழிந்தது. லயத்து ஜனம் முக்கால்வாசி வெளியே வெயிலில் நின்றது. வடிவம்மாள் முன் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தாள். பெர்னார்டோடு ஒரே ஃபெரியில் வந்தும் ஒரு வார்த்தை பேசவில்லை அவள். பெர்னார்ட் தாழ்வாரத்துத் தூணுக்குப் பின்னால், உள்ளே இருப்பவர்கள் கண்ணில் படாமல் நின்றான்.

பாக்கியநாதன் பைபிளை முத்தமிட்டான். மாஜிஸ்திரேட் துரை கேட்டதை மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்: "இந்தத் துப்பாக்கியை அந்த நாளுக்குப் பிறகு யாராவது பழுது பார்த்தார்களா? எந்தப் பாகத்தையாவது மாற்றினார்களா?"

"இல்லீங்க."

"நிச்சயமாகவா?"

"சத்தியமா. அன்னிக்கு இருந்தபடியே இருக்கு. ஒரு ஆணியக்கூட யாரும் தொடல."

எழுத்தர் அதை எழுதி முடிக்கும்வரை துரை காத்திருந்தார். பிறகு பாக்கியநாதன் காலித் தோட்டாவைச் செருகி, கட்டையைப் பலகைத் தரையில் தட்டிக் காட்டினான். டக். கூட்டத்தில் ஒரு பெருமூச்சு ஓடியது. வடிவம்மாளின் தலை குனிந்தது.

"மனுதாரர் பக்கம் யாராவது உண்டா?"

பெர்னார்ட் தூணை விட்டு வெளியே வந்தான். நடுவழியே நடந்து போய் வடிவம்மாள் பக்கத்தில் நின்றான். கூண்டில் இருந்தவன் அவனைப் பார்த்தான். பக்கத்தில் நிற்கிறவளைப் பார்த்தான். மறுபடி அவன் முகத்தைப் பார்த்தான். எங்கே பார்த்த முகம் என்பது இப்போது ஞாபகம் வந்துவிட்டது போலிருக்கிறது. கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டான்.

"நீ யாருடா?" என்று கேட்டான், கோர்ட்டு என்பதையும் மறந்து.

"குரைச்ச நாயோட அண்ணன்" என்றான் பெர்னார்ட்.

பின்வரிசையிலிருந்து பூட்ஸ் சத்தம் கேட்டது. காக்கி உடுப்பில் ஓர் இன்ஸ்பெக்டர் எழுந்து வந்து, அரக்கு முத்திரை வைத்த ஒரு தகர டப்பாவைத் துரையின் மேஜையில் வைத்தார். துரை அரக்கை உடைத்தார். உள்ளே பழுப்பேறிய ஒரு துப்பாக்கிக் குதிரை, ஆழமான வெட்டோடு, அரத்தின் ஒரு கீறல்கூடப் படாமல். கீழே மடித்த காகிதம். இன்ஸ்பெக்டர் எழுதியிருந்த அதை மொழிபெயர்ப்பாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

"சனிக்கிழமை காலை ஒன்பதே முக்கால் மணிக்கு, பினாங்குப் போலீஸ் ஸ்டேஷனில், இந்தத் துப்பாக்கி அப்போது இருந்த நிலையிலேயே என் முன்னால் வைக்கப்பட்டது. காய்கறிக்காரி வடிவம்மாளின், சர்க்கார் முத்திரை பெற்ற படிக்கற்களை விசையில் நானே என் கையால் ஒவ்வொன்றாக மாட்டினேன். கட்டையைத் தரையில் இருபது தரம் ஓங்கித் தட்டினேன், குதிரை விழவில்லை. ஏழு கல் வரை விழவில்லை. எட்டாவது கல்லில் விழுந்தது. அதன் பிறகே அந்தக் குதிரையை என் எதிரில் கழற்றி முத்திரை வைத்தேன். வேறு குதிரை மாட்டி, கிராணி கேட்டபடியே செய்து கொடுக்கும்படி பெர்னார்டுக்கு உத்தரவிட்டது நான்."